குறுக்கே கதைப்பதும் கூடவே கதைப்பதும்: நேர்காணல் பதிவு செய்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

படுவான்கரையில் ஒரு வீட்டுத் திண்ணை. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியைப் பற்றி ஓர் ஆச்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். "கிடுகெல்லாம் பறந்து போயித்து. புள்ளையளத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடின நாங்க. மறுகா..." என்று சொல்லி நிறுத்தினார். நான் உடனே "எத்தனை மணி இருக்கும் ஆச்சி?" என்று கேட்டுவிட்டேன். "ராவுதான் மனே, மணி ஆருக்குத் தெரியும்" என்றார். அதோடு கதை வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டபோதுதான் விளங்கியது, அந்த "மறுகா"வுக்கும் என் கேள்விக்கும் நடுவே ஒரு செக்கன் கூட இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிறகு என்ன நடந்தது என்று அவர் சொல்ல வந்தார், நான் மணி கேட்டேன். மறுபடி நான் அந்தப் பக்கம் போவதற்குள் ஆச்சி காலமாகிவிட்டார்.

அன்றிலிருந்து நேர்காணலில் யார் எப்போது வாய் திறக்கிறார்கள் என்பதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம், பழைய வேளாண்மைக்காரரிடம், கடலுக்குப் போனவர்களிடம், மருதமுனையில் நெசவு செய்தவர்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்யும் இளம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக ஆய்வாக இருக்கட்டும், பள்ளிக்கூட வேலையாக இருக்கட்டும், சொந்தக் குடும்பத்துக்காக இருக்கட்டும், எல்லாருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான் வருகிறது: இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கும் இடம்.

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

நம் பேச்சு வழக்கிலேயே இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. குறுக்கே கதைப்பது ஒன்று, கூடவே கதைப்பது இன்னொன்று. பதிவில் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும், ஒரு குரல் மேல் இன்னொரு குரல். ஆனால் முதலாவது கதையை வெட்டுகிறது, இரண்டாவது கதையைத் தூக்கிக் கொடுக்கிறது. கூத்துக் களரியில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆட்டக்காரர் வரியை முடிக்கும்போதே பிற்பாட்டுக்காரர் அதை எடுத்துவிடுவார்கள். அவர் முழுசாக நிறுத்தட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு விழுந்துவிடும். வீட்டுத் திண்ணையிலும் அதேதான் நடக்கிறது. ஆச்சி சொல்லும்போது மகள் கூடவே ஒரு சொல்லைப் போடுவாள், ஆச்சி அதை வாங்கிக்கொண்டு மேலே போவார்.

கலிபோர்னியாவில் நண்பர்கள் கூடிச் சாப்பிட்ட ஒரு விருந்தின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த டெபோரா டேனன் என்ற மொழியியலாளரும் இதைத்தான் சொன்னார். சிலருக்கு மற்றவர் மேல் ஏறிக் கதைப்பது ஈடுபாட்டின் அடையாளம், அதே பழக்கம் இல்லாத ஆளுக்கு அது அவமரியாதையாகப் படும். ஆகவே சத்தத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இரண்டு குரலும் மோதிய பிறகு, முதலில் கதைத்தவர் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாரா? முடித்தார் என்றால் அது கூடவே. பாதியில் விட்டுவிட்டு மற்றவர் எடுத்த கதைக்குப் போய்விட்டார் என்றால் அது குறுக்கே, அதை எவ்வளவு மெதுவாக, எவ்வளவு மரியாதையாகச் செய்திருந்தாலும் சரி. என் "எத்தனை மணி" மிக மரியாதையான கேள்விதான்.

முறை எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1974இல் ஹார்வி சாக்ஸ், இமானுவல் ஷெக்லொஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் சாதாரணப் பேச்சில் முறை, அதாவது கதைக்கும் வாய்ப்பு, ஆளுக்கு ஆள் மாறும் விதத்தை எழுதிவைத்தார்கள். எளிமையாகச் சொன்னால், கதைக்கிறவர் அடுத்தவரைத் தெரிவு செய்யலாம் (கேள்வி கேட்டு, பெயர் சொல்லி, பார்த்து). செய்யாவிட்டால் யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கு முறை. யாருமே தொடங்காவிட்டால் முன்பு கதைத்தவரே தொடரலாம். அந்த மூன்றாவதைத்தான் நேர்காணல் செய்பவர்கள் மறந்துபோகிறோம். பெரியவர் நிறுத்தினார் என்றால் முறை நமக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை, அவரே தொடர்வதற்கும் அது இடம்.

2009இல் வெளியான ஓர் ஆய்வு ஜப்பான் மொழி, டேனிஷ், இத்தாலியன், கொரியன் உட்பட 10 மொழிகளில் ஆம் இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்கும் அவற்றின் பதில்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியை அளந்தது. சராசரி ஏறக்குறைய 200 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பான் மொழியில் இடைவெளியே இல்லாத அளவு, டேனிஷில் அரைச் செக்கனுக்குக் கிட்ட. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் இன்னொரு கணக்கு எல்லாருக்கும் பொது: ஒரே ஒரு சொல்லை யோசித்து எடுத்துச் சொல்லவே நமக்கு 600 மில்லிசெக்கன் அளவில் தேவை. 600 தேவைப்படுகிற வேலையை 200க்குள் எப்படிச் செய்கிறோம்? மற்றவர் கதைத்து முடிக்கும் முன்னமே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். சாதாரணக் கதையில் இது திறமை. நேர்காணலில் ஆபத்து, ஏனென்றால் அடுத்த கேள்வியைத் தயாரிக்கிற நேரத்தில் காது அரைவாசி மூடிவிடுகிறது. அதனால்தான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன். வாசிப்பதற்கு அல்ல, மனதிலிருந்து இறக்கிவைப்பதற்கு.

தமிழில் இன்னொன்று இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். "போய், பார்த்து, கூட்டிக்கொண்டு, வந்து" என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போனால் எவ்வளவு நேரமும் முறையைக் கையில் வைத்திருக்கலாம், கேட்பவருக்கும் இன்னும் முடியவில்லை என்று தெரியும். வினைமுற்று விழுந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து நாம் உள்ளே வருவோம். ஆனால் பேச்சில் வினைமுற்றுக்குப் பிறகும் ஒரு வால் வரும்: "வந்தான், அவன்ட தம்பி." "வித்துப்போட்டம், அந்த வயலை." "ஓடின நாங்க." என் பதிவுகளில் நான் பெரியவர்கள் மேல் ஏறிக் கதைத்த இடங்களை எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை இந்த வாலின் மேல்தான் விழுந்திருந்தன. யார் வந்தது, எந்த வயல் என்ற தகவல் வாலில்தான் இருக்கும், அதைத்தான் என் குரல் மூடியிருந்தது. வினைமுற்றைக் கேட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கணம் நில்லுங்கள், இதைப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

போவதற்கு முன்: கருவி, இருக்கை

இரண்டு குரலையும் பிறகு பிரித்துக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு மைக் வேண்டும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் போதும், நாடியிலிருந்து ஒரு சாண் கீழே. பெரியவருடைய மைக் இடது பக்கம், உங்களுடையது வலது பக்கம் என்று இரண்டு தடமாகப் பதியுங்கள், ஒன்றாகக் கலக்காதீர்கள். பிறகு ஒரு காதை மூடிவிட்டுக் கேட்டால் உங்கள் "ஓம்"க்கு அடியில் அவர் முணுமுணுத்த சொல் கிடைக்கும்.

கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், இரண்டு தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகும், பரவாயில்லை. எம்.பி.3 எப்படி அளவைக் குறைக்கிறது தெரியுமா? பெரிய சத்தத்துக்கு அடியில் மறைந்து காதுக்கு எட்டாது என்று கணக்குப் போடும் சின்னச் சத்தங்களை எறிந்துவிடுகிறது. நமக்குத் தேவையே அந்தச் சின்னச் சத்தம்தான். போனில்தான் பதிய முடியும் என்றால் அதை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துணியின் மேல், உங்களைவிட அவருக்குக் கிட்ட வையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

நேருக்கு நேர் இருக்க வேண்டாம், விசாரணை மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் சாய்வாக இருந்தால் அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்கலாம், முடிக்கும்போது உங்கள் பக்கம் திரும்புவார். சொல்லிக்கொண்டிருக்கும்போது பார்வை எங்கேயோ இருக்கும், முடிகிற நேரம் பார்வை கேட்பவரிடம் வரும், அதுதான் முறை உங்களிடம் வருகிறது என்பதற்கு நல்ல அடையாளம். அவர் பார்வை போகும் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை போனோடு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கேட்கும்போது அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. நம் வீடுகளில் ஒரு ஆள் கதைப்பதென்பதே கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அயலவர் குரலும் பதிவில் வரும். அவரிடமும் ஒரு வார்த்தை.

தொடங்கிய பிறகு: "ஓம்" போடுவது

கதை கேட்பவர் உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும், இது சின்ன வயதிலிருந்தே தெரியும். நம்மிடத்தில் அது "ஓம்". பதிவு கெடும் என்று பயந்து சிலர் வாயையே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். நானும் சில மாதம் அப்படி இருந்து பார்த்தேன். கண் பார்வை குறைந்த ஒரு மூத்தம்மா இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் "கேக்கிறியா மனே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அது என் "ஓம்"ஐ விடக் கூடுதலாகக் கதையை வெட்டியது.

ஆகவே ஓம் போடுங்கள், ஆனால் எந்த ஓம் என்று தெரிந்து போடுங்கள். தாழ்ந்த குரலில், வாய் மூடியபடி வருகிற "ம்" என்றால் "சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கிறேன்". நீட்டி இறங்குகிற "ஓ...ம்" என்றால் "நீங்கள் சொல்வது சரி". அது ஏற்கெனவே ஒரு கருத்து, அவருடைய மகனுக்கு எதிராக அவர் சொல்லும் முறைப்பாட்டில் அதைப் போட்டால் நீங்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டீர்கள். மூன்றாவது, வேகமாக, அடுத்தடுத்து வருகிற "ஓம் ஓம் ஓம்". அது உம் கொட்டுவது இல்லை. "விளங்கிவிட்டது, போதும், எனக்குக் கதைக்க வேண்டும்" என்று வாசலில் நின்று தள்ளுவது. பெரியவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள், கதையைச் சுருக்கிவிடுவார்கள். உங்கள் பழைய பதிவு ஏதாவது இருந்தால் இந்த மூன்றாவது ஓமை மட்டும் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர் நீளமான முறையை எடுக்கப்போகிறார் என்பதற்கும் முன்னறிவிப்பு வரும். "அதை ஏன் கேக்கிறாய் மனே", "அது ஒரு பெரிய கதை", "அந்தக் காலம்..." இப்படி ஏதாவது வந்தால் அவர் இடம் பிடிக்கிறார். அதிலிருந்து "அவ்வளவுதான்", "அப்பிடித்தான் நடந்தது", "என்னத்தச் சொல்ல" என்று ஒன்று வரும் வரைக்கும் உங்களுக்கு "ம்" மட்டும்தான்.

"மறுகா"வும் வெற்றிலையும்

கிழக்குக்கு வெளியே உள்ளவர்களுக்கு: மறுகா என்றால் பிறகு. பெரியவர்கள் வாயில் அது வெறும் பிறகு இல்லை. முறையைப் பிடித்துவைக்கும் கொக்கி. "மறுகா" என்று சொல்லி இரண்டு, மூன்று, சில வேளை ஐந்து செக்கன் வரைக்கும் யோசிப்பார்கள். அந்த நேரம் முழுவதும் அவர்களுடையது. அதேபோல "என்னென்டா", "அங்கால", "அவர் இவர்" இவற்றில் எதற்குப் பிறகு வந்தாலும் அமைதி அவர்களுடையதுதான்.

வெற்றிலை போடுகிறவர்களிடம் இன்னும் கவனம். வட்டாவை இழுப்பார், பாக்குவெட்டி இரண்டு தரம் "டக் டக்" என்று கேட்கும், சுண்ணாம்பு தடவுவார், மடித்து வாயில் வைப்பார். முக்கால் நிமிடம் சத்தமே இல்லை. கதை முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த கேள்வியைத் தொடங்கினால் பிழையாகிவிடும். நான் கேட்ட மிக நல்ல கதைகளில் பல முதல் வாய் வெற்றிலைக்குப் பிறகு வந்தவை. துப்பிவிட்டு வந்து உட்காரும்போது எங்கே விட்டாரோ அங்கே தொடுவார்.

அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் பதியும்போது பாங்கு வரும். பாங்கு தொடங்கியதும் பெரியவர்கள் வசனத்தின் நடுவில் நிறுத்திவிடுவார்கள். நீங்களும் அமைதியாக இருங்கள், அவருடைய கடைசி மூன்று நான்கு சொல்லை மட்டும் தாளில் எழுதுங்கள். முடிந்ததும் "எங்க விட்டன்?" என்று கேட்பார். அப்போது "அறுவடைப் பேச்சு" என்று தலைப்புச் சொல்லாதீர்கள், அவர் சொன்ன சொல்லையே அப்படியே திருப்பிக் கொடுங்கள்: "முல்லைக்காரன் வாடிக்கு வந்து..." என்று. அவர் உங்கள் குரலின் மேலேயே ஏறி "ஓம், வாடிக்கு வந்து" என்று எடுத்துக்கொள்வார். அது கூடவே கதைப்பதில் மிக அழகான வகை. தொழுகைக்கு எழும்பினால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது

இதற்குத்தான் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள், எனக்கு இப்போது இதுதான் அதிகம் பிடிக்கிறது. இரண்டு அண்ணாவிமார் அல்லது கூட்டாளிகள் ஒன்றாக இருந்து ஒரு பழைய வடமோடிக் கூத்து அரங்கேறிய இரவைச் சொல்லும்போது தனித்தனியாகக் கேட்டால் வராத விடயங்கள் வரும். ஒருவர் பாட்டைத் தொடங்க மற்றவர் தாளக்கட்டை வாயால் போடுவார், ஒருவர் வருசத்தைப் பிழையாகச் சொல்ல மற்றவர் திருத்துவார். இதில் குறுக்கிடாதீர்கள். தடம் தனித்தனியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கணவன் மனைவி விடயம் வேறு. நீங்கள் மனைவியிடம் கேட்பீர்கள், கணவர் பதில் சொல்வார். மனைவி "அது..." என்று தொடங்கி நிறுத்திவிடுவார். பதிவைக் கேட்டால் அந்த "அது" பத்து இடத்தில் இருக்கும், ஒன்றுக்குப் பின்னாலும் எதுவும் இருக்காது. நம் ஊர்க் குறை மட்டும் இல்லை இது. 1975இல் அமெரிக்காவில் டொன் சிம்மர்மன், கண்டேஸ் வெஸ்ட் இருவரும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகக் கதைத்த 11 உரையாடல்களைப் பதிந்து பார்த்தார்கள். 48 குறுக்கீடு, அதில் 46 ஆண்கள் செய்தது. எண்ணிக்கை சிறியதுதான், பிறகு வந்தவர்கள் அதை விமர்சித்தும் இருக்கிறார்கள். ஆனால் எங்கே காது வைக்க வேண்டும் என்று அது காட்டிவிட்டது.

நான் செய்வது இதுதான். முதல் நாள் கணவரிடமே கேட்கிறேன், அவர் முழுசாகச் சொல்லட்டும், ஆசை தீரட்டும். இரண்டாம் தரம் போகும்போது குசினிப் பக்கம், அல்லது அவர் வயலுக்கோ கடைக்கோ போன நேரம், மனைவியிடம் தனியாக. அதற்கு வழி இல்லாத வீட்டில், கேள்வியை அவருக்கு மட்டுமே பதில் தெரிந்ததாக மாற்றுகிறேன். "வெள்ளம் வந்த வருசம் என்ன நடந்தது?" என்றால் யாரும் சொல்லலாம். "அந்த நாளில சமைக்க என்ன இருந்தது மாமி?" என்றால் அது அவருடைய முறை. உறவுமுறை சொல்லி விளிப்பதை வசனத்தின் தொடக்கத்தில் வையாமல் கடைசியில் வைத்து, அவரையே பார்த்துக் கேளுங்கள். கடைசியில் விழுந்த "மாமி" என்ற சொல் அடுத்த முறை யாருக்கு என்று எழுதிக்கொடுத்த மாதிரி.

பெரியவரை நிறுத்தத்தான் வேண்டும் என்றால்? மைக் கழன்று விழுந்துவிட்டது, பெயர் விளங்கவில்லை, லொறி ஒன்று வாசலில் நிற்கிறது. அப்போதும் வசனத்தின் நடுவில் கேள்வி போடாதீர்கள். முதலில் உறவுமுறையை மட்டும் சொல்லுங்கள், "அப்பச்சி..." அல்லது "வாப்பா..." என்று தாழ்ந்த குரலில். அது கதவு தட்டுவது. அவர் வசனத்தை முடித்துவிட்டு "என்ன?" என்று திறப்பார். அப்புறம் கேளுங்கள். திறக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கதைக்கு அவசரம் இருக்கிறது.

நோகும் கதைகளில்

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நாவலடியிலோ கல்முனைக் கரையிலோ திருக்கோவிலிலோ கேட்கப் போகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். அழுகை வரும், பேச்சு நிற்கும். அந்த அமைதி உங்களுக்குத் தாங்க முடியாமல் இருக்கும், ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும் போல இருக்கும். ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்த ஜெஃபர்சன், ஒரு செக்கன் அளவு அமைதி வந்தாலே ஆட்கள் அதை முடித்துவைக்கப் பார்க்கிறார்கள் என்று கண்டார். நம் அவசரமும் அதுதான். நிரப்பாதீர்கள். "பரவாயில்லை, விடுங்க" என்று ஆறுதல் சொல்வதும் குறுக்கே கதைப்பதுதான், விட வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். தண்ணீர்க் குவளையைப் பக்கத்தில் நகர்த்துங்கள், ரெக்கோடரைக் கையால் காட்டி, நிறுத்தவா என்று கண்ணால் கேளுங்கள். தொடரச் சொன்னால் தொடருங்கள், நிறுத்தச் சொன்னால் அன்றைக்கு அதோடு சரி.

போன் வழியாக என்றால்

கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் உறவுகளிடம் வட்ஸ்அப்பில் கேட்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரம் தொடங்குவதும், இரண்டு பேரும் "சொல்லுங்க சொல்லுங்க" என்று நிறுத்துவதும் யாருடைய குணக்குறையும் இல்லை. குரல் ஒரு பக்கம் போய்ச் சேரும் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே வழமையாக இருப்பதே 200 என்னும்போது, தாமதம் கொஞ்சம் கூடினாலும் முறை குழம்பிவிடும். அதோடு, எதிரொலியைத் தடுப்பதற்காகச் செயலி ஒரு நேரத்தில் ஒரு குரலை அமுக்கிவிடும், கூடவே கதைத்தது பதிவிலேயே இருக்காது. வழி இதுதான்: அங்கே இன்னொரு போனில் அவர் குரலைத் தனியாகப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள், இங்கே நீங்கள் பதியுங்கள், தொடக்கத்தில் இரண்டு பேரும் ஒருதரம் கை தட்டினால் பிறகு இரண்டு கோப்பையும் பொருத்தலாம். "ம்" போடுவதையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

எழுத்தில் இறக்குவது

ஜெஃபர்சன் உருவாக்கிய குறிகளில் நமக்கு நான்கு போதும். ஒரே நேரத்தில் கதைத்த பகுதிக்கு சதுர அடைப்பு. இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தால் சமன் குறி. அமைதிக்கு அடைப்புக்குள் செக்கன். சிரிப்பு, இருமல், பாக்குவெட்டிக்கு இரட்டை அடைப்பு. அந்த ஆச்சியின் பதிவிலிருந்தே ஒரு துண்டு:

ஆச்சி: ராவைக்குத்தான் எழும்பினது ஒரு பெரிய [காத்து]
மகள்: [பேய்க்] காத்து
ஆச்சி: பேய்க் காத்து (0.4) மறுகா (1.8) மாடெல்லாம் கத்துது
நான்: ம்
ஆச்சி: கட்டிக்கிடந்த மாட்டையெல்லாம் அவுத்துவிடச் சொன்னாரு=
மகள்: =அப்பா
ஆச்சி: ஓம், இவட அப்பா ((பாக்குவெட்டிச் சத்தம்))

இதில் மகள் இரண்டு இடத்தில் வருகிறார். "பேய்க்" என்பதை ஆச்சியின் சொல் மேலேயே போட்டார், ஆச்சி அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டார். "சொன்னாரு" என்ற வினைமுற்றுக்குப் பிறகு வர வேண்டிய வாலை மகளே போட்டார், ஆச்சி "ஓம்" என்று வாங்கினார். இரண்டுமே கூடவே. இதை "பேய்க்காற்று அடித்தது, அப்பா மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார்" என்று திருத்தி எழுதினால் அந்த இரவை இரண்டு பேர் சேர்ந்து நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது போய்விடும். குடும்பத்துக்கு வாசிக்கக் கொடுக்க ஒரு திருத்திய படி வேண்டுமென்றால் தனியாகச் செய்யுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல். ஆங்கிலத்தில் இரண்டு வரியின் அடைப்புகளையும் இடைவெளி தட்டி நேராக நிறுத்துவார்கள். தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம், "ணை"யும் "ர"வும் ஒன்றாகுமா? எழுத்துரு மாறினால் எல்லாம் நகர்ந்துவிடும். அதில் நேரத்தை விடாமல், ஒரே வரியில் பல அடைப்பு வரும்போது 1, 2 என்று இலக்கம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஈலான் என்ற மென்பொருளை இறக்குங்கள், நெதர்லாந்தில் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. ஒவ்வோர் ஆளுக்கும் தனி வரிசை, ஒலி அலைக்கு நேரே தமிழிலேயே தட்டலாம், யார் மேல் யார் எந்த மில்லிசெக்கனில் ஏறினார் என்று தானாகவே தெரியும். தானியங்கி எழுத்தாக்கத்தை நானும் போட்டுப் பார்த்தேன், இரண்டு குரல் சேரும் இடத்தில் ஒன்றை விட்டுவிட்டது, "போயித்து", "மறுகா" இரண்டையும் வேறு சொல்லாக மாற்றிவிட்டது. முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்பவேண்டாம். எனக்கு ஒரு மணி நேரப் பதிவை இப்படி எழுத ஆறேழு மணி நேரம் போகும், வீடு நிறைய ஆட்கள் என்றால் இரண்டு நாள்.

திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள்

இதை விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்ததும் பதிவை அந்த வீட்டுக்கே கொண்டுபோய் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள், பக்கத்தில் ரெக்கோடரையும் ஓடவிடுங்கள். எல்லாரும் பதிவின் மேல் ஏறிக் கதைப்பார்கள், பெயரைத் திருத்துவார்கள், விட்டதைச் சேர்ப்பார்கள்.

ஆச்சியின் பதிவை அவருடைய ஆண்டுத் திவசம் முடிந்து சில நாளில் கொண்டுபோனேன். மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். "பள்ளிக்கூடத்துக்கு ஓடின நாங்க. மறுகா..." என்று ஆச்சியின் குரல் வந்து நின்றது. ஸ்பீக்கரில் என் குரல் "எத்தனை மணி" என்று தொடங்க, அதற்கு மேல் மகள் கதைத்தார்: "மறுகா பள்ளிக்கூடம் பூட்டு. அப்பாதான் கல்லால உடைச்ச. தம்பிய அம்மா சீலைக்குள்ள சுத்தி வச்சிருந்தா." ஈலானில் அந்த இடத்துக்கு இப்போது மூன்று வரிசை இருக்கிறது. மேலே ஆச்சி, நடுவில் நான், கீழே மகள். நடு வரிசையில் என் கேள்வி முழுவதும் சதுர அடைப்புக்குள் கிடக்கிறது.